கடிக்கு முன்னே காப்பு

தமிழகத்தின் வட எல்லையைக் கடந்து செல்வோர்க்கு அண்மையில் எதிர்ப்படும் நகரங்கள் சித்தூரும் திருப்பதியும் ஆகும். இவ்விரு நகரங்களிலும், அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்களிலும், தமிழ் மக்கள் பல தலைமுறைகளாகத் தெலுங்கு மக்களோடு கலந்து வாழ்ந்து வருகின்றனர். இவ்வட்டாரத்தின் வரலாற்றைக் கூறப் புகுவோர் கோயில்களைப் பற்றியும் கோட்டைகளைப் பற்றியும் பாளையக்காரர்களைப் பற்றியும் பேசுவது வழக்கம். நாம் இங்கே எடுத்துக்கொள்வது வேறொரு வரலாறு. நம் வீட்டு வாயிலில் படுத்திருக்கும் நாயையும், அடுக்களையில் உலவும் பூனையையும் நோயினின்று காக்கும் முறை எங்கே தோன்றியது, எவ்வழியாக நம் பகுதியை வந்தடைந்தது, அதனால் மனித உயிருக்குக் கிடைத்த காவல் எத்தகையது என்பதே அவ்வரலாறு.

நாய்க்கும் நமக்கும் உள்ள தொடர்பு மிகப் பழமையானது. ஞமலி என்றும் ஞாளி என்றும் சங்கச் சான்றோர் நாயைக் குறித்தனர். பூனையைப் பூசை என்றும் காட்டுப் பூனையை வெருகு என்றும் அழைத்தனர். இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்னும் ஊரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. கள்வரோடு போரிட்டு மாண்ட வீரன் ஒருவனுக்கும், அவனோடு நின்று கள்வரைக் கடித்த கோவிவன் என்னும் நாய்க்கும் எடுக்கப்பட்ட கல் அது. ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு நாயின் பெயரைக் கல்லில் பொறித்து வைத்த மக்கள் நாம். பைரவர்க்கு ஊர்தியாகவும் நாயையே வைத்தோம்.

ஆனால், அதே நாயைக் கண்டு அஞ்சி நடுங்கவும் நேர்ந்தது. அதற்குக் காரணம் வெறிநோய். இந்நோயுற்ற மனிதன் தண்ணீரைக் கண்டாலும், அதன் ஓசையைக் கேட்டாலும் தொண்டை இறுகித் துடிப்பான். காற்று முகத்தில் பட்டாலும் அவ்வாறே துன்புறுவான். நீரைக் கண்டு அஞ்சும் இக்குறியைப் பண்டை வடமொழி மருத்துவ நூலாகிய சுசுருத சங்கிதையும் குறிப்பிட்டுள்ளது. இக்குறிகள் தோன்றிய பின்னர் உயிர் பிழைத்தோர் உலக முழுவதிலும் மிகச் சிலரே. எனவே, நோய் வந்த பின் ஆற்றும் மருத்துவத்தைப் பற்றிப் பேசுவதற்கு இங்கே இடமில்லை. வருமுன் காத்தல் ஒன்றே வழி.

காப்பதற்குக் காலம் இருக்கிறது என்பதே இந்நோயில் மனிதனுக்குக் கிடைத்த ஒரே சலுகை. நோயுற்ற விலங்கின் உமிழ்நீரில் நோய்க்கிருமி உள்ளது. அது கடிவாய் வழியே உடலினுள் புகுந்து, நரம்புகளைப் பற்றிக்கொண்டு மெல்ல மெல்ல மூளையை நோக்கிச் செல்கிறது. இப்பயணம் முடியச் சில வாரங்களோ, சில மாதங்களோ ஆகும். சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆனதுண்டு. கிருமி மூளையை அடைவதற்கு முன்னர் உடலில் எதிர்ப்பாற்றலை வளர்த்துவிட்டால் உயிர் பிழைக்கலாம். தடுப்பூசியின் தத்துவம் இதுவே.

முற்காலத்து மக்கள் இதனை அறிந்திலர். கடிவாயில் பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்துச் சுட்டனர். மிளகாய்ப் பொடியையும் சுண்ணாம்பையும் அப்பினர். மந்திரித்துக் கயிறு கட்டினர். ஒரு மண்டலம் பத்தியம் இருந்தனர். இவற்றால் பிழைத்ததாகச் சொன்னவர்களும் உண்டு. அதன் உண்மைக் காரணம் யாதெனில், கடித்த நாய்கள் எல்லாம் வெறிநோய் கொண்டவை அல்ல. நோயுற்ற நாய் கடித்தாலும் கடியுண்டோர் அனைவருக்கும் நோய் காண்பதில்லை. பிழைத்தவர் மந்திரத்தைப் புகழ்ந்தனர், மாண்டவர் பேசவில்லை. இவ்வாறு பயனற்ற மருந்துகள் நெடுங்காலம் பெயர் பெற்று விளங்கின.

இந்நிலையை மாற்றியவர் பிரெஞ்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டியர். அவர் சிறுவன் ஒருவனுக்கு ஊசி போட்டுக் காப்பாற்றிய செய்தியை நாம் பள்ளிப் பாடங்களில் படித்திருக்கிறோம். ஆயினும், அத்தடுப்பு முறை முதன்முதலாக நாய்களுக்கே ஆக்கப்பட்டது என்பதைப் பலர் நினைவிற் கொள்வதில்லை. வெறிநோயால் இறந்த முயல்களின் தண்டுவடத்தை உலர்த்தி, அதன் நஞ்சைப் படிப்படியாகக் குறைத்து, அதனை நாய்களுக்குச் செலுத்தினார் பாஸ்டியர். அந்நாய்கள் நோயை எதிர்த்து நின்றன. 1884-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசு அமைத்த குழுவினர் இச்சோதனைகளை நேரில் கண்டு உறுதி செய்தனர். 1885-ஆம் ஆண்டுக்குள் ஐம்பது நாய்கள் இம்முறையால் காப்புப் பெற்றிருந்தன.

நாய்களுக்கெல்லாம் நோய்த்தடை ஏற்படுமாயின், மனிதனுக்கு இந்நோய் வாராது. இதனைப் பாஸ்டியர் நன்கு உணர்ந்திருந்தார். ஆனால், நாடெங்கும் உள்ள நாய்களைப் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் பல நாட்கள் தொடர்ந்து ஊசி போடுவது அந்நாளில் இயலாத செயலாகத் தோன்றியது. ஆகவே, கடியுண்ட மனிதனைக் காப்பதில் அவர் கருத்தைச் செலுத்தினார். 1885-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் நாள், அல்சேசு பகுதியைச் சேர்ந்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மெய்ஸ்டருக்கு முதல் ஊசி போடப்பட்டது. மொத்தம் 13 ஊசிகள் போடப்பட்டன. சிறுவன் பிழைத்தான். நாய்க்காகத் தோன்றிய தடுப்பு முறை மனிதனிடம் வந்து சேர்ந்த கதை இது. அது மீண்டும் நாயிடம் திரும்புவதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

மருந்து தோன்றிவிட்டது, ஆனால் அது பாரிசில் இருந்தது. சித்தூரிலோ திருப்பதியிலோ வெறிநாய் கடித்த ஓர் உழவன் பாரிசை எங்ஙனம் அடைவான்? 1900-ஆம் ஆண்டில் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் இந்தியாவின் முதற் பாஸ்டியர் நிலையம் தொடங்கப்பெற்றது. கடல் கடந்த தொலைவு குறைந்ததே தவிர, தென்னாட்டாருக்கு அதுவும் எட்டாத தொலைவாகவே இருந்தது. சென்னை மாகாணத்திலிருந்து தில்லிக்கும், அங்கிருந்து கால்காவுக்கும் இரயிலில் சென்று, அதன்பின் மலையேற வேண்டும். நாட்கணக்கில் நீளும் பயணம். வழிச்செலவுக்குப் பொருளும், துணைக்கு ஆளும், புரியாத மொழி வழங்கும் ஊரில் பல நாட்கள் தங்குவதற்குத் துணிவும் வேண்டும். இவை மூன்றும் உடையவர் எத்தனை பேர்?

1902-ஆம் ஆண்டில் லில்லி பாக்கன்ஹாம் வால்ஷ் என்னும் ஆங்கிலப் பெண் ஒருவர் தென்னாட்டில் வெறிநோயால் உயிரிழந்தார். அவருடைய மரணம், தென்னாட்டுக்கும் ஒரு பாஸ்டியர் நிலையம் வேண்டும் என்னும் கோரிக்கையை வலுப்படுத்தியது. அமெரிக்கச் செல்வர் ஹென்றி பிப்ஸ் என்பார் கர்சன் பிரபுவிடம் பெருந்தொகையை நன்கொடையாக அளித்திருந்தார். பூசாவில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் அமைவதற்கு உதவிய அந்நன்கொடையின் ஒரு பகுதி நீலகிரிக்கும் வந்தது. 1907-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் நாள், குன்னூரில் தென்னிந்தியப் பாஸ்டியர் நிலையம் திறக்கப்பெற்றது.

அக்காலத்தில் சித்தூர், வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்தது என்பதை இங்கே நினைவூட்டல் தகும். 1911-ஆம் ஆண்டில்தான் சித்தூர் தனி மாவட்டமாயிற்று. திருப்பதியும் அதனுள் அடங்கியது. சித்தூரில் நாய்க்கடி பட்டவர் காட்பாடிக்கு வந்து, மேற்கே செல்லும் இரயிலேறி, கோயம்புத்தூர்ப் பக்கமாக மேட்டுப்பாளையத்தை அடைந்து, அங்கிருந்து மலை இரயிலில் குன்னூர் சேரலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-ஆம் ஆண்டிலேயே மலை இரயில் ஓடத் தொடங்கியிருந்தது. கசௌலியோடு ஒப்பிட இது அருகிலுள்ள ஊரே ஆகும். ஆயினும், அன்றாடம் கூலி செய்து பிழைப்போர்க்குக் குன்னூரும் தொலைவில்தான் இருந்தது.

இத்தொலைவை மேலும் குறைத்தவர் கசௌலியில் பணியாற்றிய டேவிட் செம்பிள் என்னும் மருத்துவர். 1911-ஆம் ஆண்டில் அவர் ஒரு புதிய முறையைக் கண்டார். நோய்க்கிருமி வளர்ந்த ஆட்டு மூளையைக் கார்பாலிக் அமிலத்தால் பதப்படுத்தி, கிருமியைக் கொன்று, அதனை ஊசி மருந்தாக்கினார். உலர்த்திய தண்டுவடத்தை அன்றன்று எடுத்துப் பயன்படுத்த வேண்டிய நிலை நீங்கியது. மருந்தைக் குப்பிகளில் அடைத்து வெளியூர்களுக்கு அனுப்பலாம் என்னும் நிலை ஏற்பட்டது. நோயாளி மருந்தைத் தேடிப் போகும் வழக்கம் நாளடைவில் குறைந்து, மருந்து மாவட்ட மருத்துவமனைகளுக்கு வரலாயிற்று. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று நம் மூத்தோர் அச்சத்தோடு கூறுவது இந்தச் செம்பிள் மருந்தையே.

அவ்வச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஊசி போட்ட வயிறு வீங்கி வலித்தது. மருந்தில் மூளைத் திசு கலந்திருந்தமையால், சிலருக்கு நரம்புத் தளர்ச்சியும் வாதமும் கண்டன. ஊசிக்கு அஞ்சிப் பாதியில் நிறுத்தியவர்களும் உண்டு. அவர்களுள் உயிரிழந்தவர்களும் உண்டு. எனினும், தொண்ணூறு ஆண்டுக்கு மேல் இந்நாட்டில் எண்ணற்ற உயிர்களைக் காத்தது அம்மருந்தே என்பதை மறத்தல் கூடாது. 2004-ஆம் ஆண்டின் இறுதியோடு இந்தியா அதனைக் கைவிட்டது. இன்று உயிரணு வளர்ப்பு முறையில் ஆக்கப்படும் தூய மருந்து தோளில் போடப்படுகிறது. வயிற்றில் ஊசி என்பது பழங்கதை ஆகிவிட்டது. இதனை அறியாமல் இன்றும் மருத்துவமனைக்குச் செல்லத் தயங்குவோர்க்கு நாம் இவ்வுண்மையை எடுத்துச் சொல்ல வேண்டும்.

மனிதனுக்கு மருந்து அருகில் வந்தது. நாயின் நிலை என்னவாயிற்று? நகராட்சிகள் நாயைப் பிடித்துக் கொல்வதையே வழியாகக் கொண்டன. சென்னை மாநகரில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே இவ்வழக்கம் நிலவியது. ஆண்டுதோறும் கொன்றும் தெருநாய்களின் தொகை குறையவில்லை, நாய்க்கடியும் ஒழியவில்லை. உணவுக் கழிவு கிடைக்கும் தெருவில் ஒரு நாயை அகற்றினால், அவ்விடத்தைப் பக்கத்துத் தெரு நாய் பிடித்துக்கொள்ளும். புதிதாக வரும் நாய் நோய்த்தடை இல்லாத நாயாகவும் இருக்கக்கூடும். 1959-ஆம் ஆண்டில் சென்னையில் தோன்றிய புளூ கிராஸ் அமைப்பு, கொல்வதற்கு மாறாகக் கருத்தடை செய்து தடுப்பூசி போடும் முறையை 1964-ஆம் ஆண்டு முதலே வற்புறுத்தி வந்தது. மாநகராட்சி அதனை ஏற்றுச் செயற்படுத்தத் தொடங்கியது 1996-ஆம் ஆண்டில்தான்.

நாய்க்குத் தடுப்பூசி போட்டு நாட்டையே காக்கலாம் என்பதை முதலில் செயலில் காட்டிய நாடு ஜப்பான். உமேனோ, தோய் என்னும் இருவர் நாய்க்கு ஒரே ஊசியில் காப்பளிக்கும் மருந்தை ஆக்க, 1921-ஆம் ஆண்டு முதல் அந்நாட்டில் நாய்களுக்குப் பெருந்திரளாக ஊசி போடப்பட்டது. 1950-ஆம் ஆண்டில் ஜப்பான் இதற்கெனச் சட்டம் இயற்றியது. 1957-ஆம் ஆண்டோடு அங்கே வெறிநோய் ஒழிந்தது. 1948-ஆம் ஆண்டில் கோழிக் கருமுட்டையில் வளர்த்த பிளூரி வகை மருந்து அமெரிக்காவில் உருவாயிற்று. தமிழர் பெருந்தொகையாக வாழும் மலாயாவில் 1952-ஆம் ஆண்டில் வெறிநோய் பரவியபோது, அம்மருந்தை நாய்களுக்குப் போட்டு நோயை அடக்கினர். பாஸ்டியர் இயலாது என்று ஒதுக்கியது இயலும் என்பதை உலகம் கண்டது.

நம் பகுதியில் இப்பணிக்கு அடிப்படை அமைத்தது மாட்டு மருத்துவமே ஆகும். 1903-ஆம் ஆண்டில் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி சைதாப்பேட்டையில் தோன்றிப் பின்னர் வேப்பேரிக்கு மாறியது. 1932-ஆம் ஆண்டில் சென்னையில் சீர மருந்து நிலையமாகத் தொடங்கிய நிறுவனம் பின்னர் இராணிப்பேட்டைக்குச் சென்றது. கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் என்று இன்று வழங்குவது அதுவே. சித்தூரிலிருந்து இராணிப்பேட்டை ஒரு பொழுதுக்குள் சென்று மீளக்கூடிய தொலைவில் உள்ளது. அக்காலத்தில் உழவரின் பெரும்பகை மாட்டு வெக்கை நோய். ஒரு முறை ஊருக்குள் புகுந்தால் தொழுவங்களை வெறுமையாக்கிவிடும் அந்நோயை எதிர்த்து, கால்நடை மருத்துவர்கள் ஊர் ஊராகச் சென்று மாடுகளுக்கு ஊசி போட்டனர். 1954-ஆம் ஆண்டில் இந்திய அரசு நாடு தழுவிய ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. 2011-ஆம் ஆண்டில் வெக்கை நோய் உலகினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. பெரியம்மைக்குப் பின்னர் மனிதன் அடியோடு ஒழித்த நோய் இஃதொன்றே. விலங்கு இருக்கும் இடத்துக்கே சென்று ஊசி போட்டால் நோய் ஒழியும் என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

1953-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் ஆந்திர மாநிலம் பிரிந்தது. சித்தூர் மாவட்டம் ஆந்திரத்தில் சேர்ந்தது. வேப்பேரிக் கல்லூரியும் இராணிப்பேட்டை நிலையமும் எல்லைக்கு அப்பால் நின்றுவிட்டன. புதிய மாநிலத்துக்குத் தனியே கால்நடை மருத்துவர்கள் வேண்டியிருந்தனர். 1955-ஆம் ஆண்டைத் தன் தொடக்கமாகக் கொண்ட திருப்பதிக் கால்நடை மருத்துவக் கல்லூரி அத்தேவையை நிறைவு செய்தது. 2005-ஆம் ஆண்டில் திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்டு ஸ்ரீ வேங்கடேசுவரா கால்நடைப் பல்கலைக்கழகம் எழுந்தது. குன்னூருக்கு நோயாளியை அனுப்பிவைத்த வட்டாரம், விலங்கு மருத்துவர்களைப் பிற ஊர்களுக்கு அனுப்பிவைக்கும் வட்டாரமாக உயர்ந்தது.

எல்லைகள் அதன் பின்னும் மாறின. 1960-ஆம் ஆண்டில் திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. 2022-ஆம் ஆண்டில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. ஆனால், சித்தூர் வழியே வரும் நீவா ஆற்றின் நீர் பொன்னையின் வழியாகப் பாலாற்றில் கலப்பதை எந்த எல்லைக் கல்லும் தடுக்கவில்லை. நோயும் அத்தகையதே. எல்லைக்கு இப்பால் ஊசி போட்டு அப்பால் போடாமல் விட்டால், இரு பக்கத்தாருக்கும் காவல் இல்லை.

வெறிநோய் ஒன்றே நாய்க்கும் பூனைக்கும் பகை என்று கருதுதல் தவறு. நாய்களை, சிறப்பாகக் குட்டிகளை, வாட்டும் டிஸ்டெம்பர் என்னும் நோய் நுண்கிருமியால் வருவது என்பதை 1905-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் காரே கண்டார். 1920-களில் இங்கிலாந்தில் லெயிட்லா, டன்கின் என்னும் இருவர் அதற்குத் தடுப்பு மருந்து ஆக்கினர். 1978-ஆம் ஆண்டளவில் பார்வோ என்னும் புதிய நோய் உலகெங்கும் பரவியது. இரத்தமாகக் கழிந்து ஓரிரு நாட்களில் குட்டிகள் மடியும் கொடிய நோய் அது. 1980-களின் தொடக்கத்தில் இந்நோய் இந்தியாவில் தலைகாட்டிய செய்தி சென்னையிலிருந்து வெளிவந்தது. இதனோடு உறவுடைய கிருமியொன்று பூனைக் குட்டிகளையும் அவ்வாறே மாய்க்கிறது. பூனைக்கும் வெறிநோய் வரும். அதன் கீறலும் கடியும் நாய்க்கடி போன்றே கருதத்தக்கவை. பூனைதானே என்று வாளாவிருப்பது பேரிடர்.

இனி, வீட்டில் இவற்றை வளர்ப்போர் மேற்கொள்ள வேண்டிய முறையைச் சுருங்கக் கூறுவோம். தாய்ப்பாலின் வழியே குட்டிக்கு வரும் காப்பு சில வாரங்களில் தேய்ந்துவிடும். ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் முதல் தடுப்பூசி வேண்டும். நாய்க்குட்டிக்கு டிஸ்டெம்பர், பார்வோ முதலிய நோய்களுக்கான கூட்டு மருந்தும், பூனைக்குட்டிக்கு அதற்குரிய கூட்டு மருந்தும் உள்ளன. மூன்று நான்கு வாரங்களுக்கு ஒரு முறை, பதினாறு வாரம் ஆகும் வரை அதனைத் தொடர்ந்து போட வேண்டும். மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி. அதன் பின்னர் மருத்துவர் குறித்துக் கொடுக்கும் நாளில், நம் நாட்டு வழக்கப்படி ஆண்டுக்கு ஒரு முறை, மறு ஊசி. முதல் ஊசியோடு நின்றுவிடுவோரே மிகுதி. ஓராண்டுக்குப் பின் அந்நாய்க்குக் காப்பு உண்டென்று உறுதியாகக் கூறல் இயலாது.

ஊசியோடு கடமை முடிவதில்லை. குட்டிகளின் குடலில் புழுக்கள் பெருகும். அவற்றுட் சில குழந்தைகளையும் பற்றும். ஆதலின், பூச்சி மருந்தை மருத்துவர் கூறும் கால அளவில் தவறாது கொடுக்க வேண்டும். உண்ணி இரத்தத்தை உறிஞ்சுவதோடு காய்ச்சலையும் பரப்பும். எலியின் சிறுநீரால் பரவும் எலிக்காய்ச்சல் மழைக்காலத்தில் நாயையும் மனிதனையும் ஒருங்கே தாக்கும். நாய்க்கு அதற்கும் தடுப்பூசி உண்டு. வாயிலில் குப்பை சேராமல் காப்பதும், நாய்க்கு வைத்த உணவை இரவில் திறந்து வைக்காதிருப்பதும் மருந்துக்கு நிகரான செயல்களே.

திருப்பதியை எண்ணும்போது மற்றொரு செய்தியும் கூற வேண்டும். நாள்தோறும் பல மாநிலத்து மக்கள் வந்து கூடும் திருத்தலம் அது. வழிநடைப் பயணத்தில் நாயோ குரங்கோ கடித்துவிட்டால், ஊருக்குத் திரும்பிய பின் பார்த்துக்கொள்வோம் என்று பலர் புறப்பட்டுவிடுவர். அவ்வாறு செய்தல் ஆகாது. கடிவாயை உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் நன்கு கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய், எண்ணெய் எதனையும் இடலாகாது. இறுகக் கட்டலும் ஆகாது. அன்றே அருகிலுள்ள மருத்துவமனையில் முதல் ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டும். இரத்தம் வரக் கடித்திருப்பின், கடிவாயிலேயே செலுத்தும் மற்றொரு மருந்தும் தேவைப்படும். அரசு மருத்துவமனைகளில் தோலினுள் போடும் ஊசி, முதல் நாளும் அதனையடுத்து 3, 7, 28-ஆம் நாட்களிலும் போடப்படுகிறது. மருத்துவர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பத்திரமாகக் கொண்டுவந்து, மீதி ஊசிகளைச் சொந்த ஊரில் போட்டுக்கொள்ளலாம். ஊர் மாறினாலும் ஊசியின் நாட்கணக்கு மாறுவதில்லை.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு மொழி ஒரு தடையாகத் தோன்றுவதுண்டு. ஆந்திரத்தில் பசு வைத்தியசாலை என்னும் பெயர்ப்பலகையைக் கண்டு, அது மாட்டுக்கு உரிய இடம் என்று தமிழர் சிலர் கடந்து சென்றுவிடுவர். அங்கே பசு என்பது விலங்கு என்னும் பொதுப்பொருளில் வழங்கும் சொல். நாய்க்கும் பூனைக்கும் மருத்துவம் செய்யும் இடம் அதுவே. தெலுங்கில் நாய் குக்க, பூனை பில்லி, வெறிநாய் பிச்சி குக்க. கன்னட நாட்டில் பசு ஆஸ்பத்ரே என்றும், கேரளத்தில் மிருகாசுபத்திரி என்றும், இந்தி வழங்கும் மாநிலங்களில் பசு சிகித்சாலய் என்றும் வினவினால் வழி காட்டுவர். மெய்ஸ்டருக்கு ஊசி போட்ட ஜூலை 6-ஆம் நாளை விலங்குவழி நோய்த் தடுப்பு நாளாகவும், பாஸ்டியர் மறைந்த செப்டம்பர் 28-ஆம் நாளை உலக வெறிநோய்த் தடுப்பு நாளாகவும் உலகம் போற்றுகிறது. அந்நாட்களையொட்டி ஆந்திரத்திலும் பிற மாநிலங்களிலும் வளர்ப்பு நாய்களுக்கு இலவசத் தடுப்பூசி முகாம்கள் நடைபெறுவது வழக்கம்.

வீட்டு நாய்க்குக் காப்பளித்தால் போதுமா? போதாது. ஓர் ஊரின் நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குக் குறையாமல் தடுப்பூசி பெற்றிருந்தால்தான் நோய்ச் சங்கிலி அறும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. மனிதர்க்கு வரும் வெறிநோயில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாய் வழியே வருகிறது. கோவா மாநிலத்தில் 2013-ஆம் ஆண்டு முதல் ஒரு பெருமுயற்சி நடைபெற்றது. வீட்டு நாய், தெரு நாய் என்னும் வேறுபாடின்றி ஊசி போட்டனர். பிடிக்க முடியாத நாய்களை வலை கொண்டு பிடித்து ஊசி போட்டு அங்கேயே விட்டனர். 2018-ஆம் ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டிலும் அங்கே வெறிநோயால் மனித மரணம் ஒன்றும் பதிவாகவில்லை. 2021-ஆம் ஆண்டில் இந்திய அரசும், நாய்வழி வெறிநோயை 2030-ஆம் ஆண்டுக்குள் ஒழிக்கும் தேசியச் செயல்திட்டத்தை வெளியிட்டது.

திட்டம் அரசினுடையது, அதனை நிறைவேற்றும் கை மக்களுடையது. தெரு நாய்க்கு நாள்தோறும் சோறு வைப்பவரை அந்நாய் நம்பும். ஊசி போட வரும் மருத்துவரிடம் அதனைப் பிடித்துக் கொடுக்க வல்லவர் அவரே. நம் தெருவில் எத்தனை நாய்கள் உள்ளன, அவற்றுள் எவை ஊசி பெற்றன என்பதை அறிந்து வைத்திருப்பது நகராட்சிக்குப் பேருதவியாகும். இடம் மாறிச் செல்லும் குடும்பங்கள் தாம் வளர்த்த நாயையும் பூனையையும் தெருவில் விட்டுச் செல்லும் கொடுமையும் ஒழிய வேண்டும். ஊசிக் குறிப்பேட்டோடு அவற்றையும் உடன் அழைத்துச் செல்வதே முறை. இயலாதாயின் காப்பாற்றுவோர் கையில் ஒப்படைக்க வேண்டும்.

உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் மடிகின்றனர் என்பர்; அவர்களுள் பலர் பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். நாயோடு விளையாடிய குழந்தை, திட்டுவார்களென்று அஞ்சிச் சிறு கீறலை வீட்டில் சொல்லாமல் மறைத்துவிடுகிறது. நம் குழந்தைகளிடம், எது கடித்தாலும் கீறினாலும் உடனே வந்து சொல், நாங்கள் கோபித்துக்கொள்ளமாட்டோம் என்று இன்றே சொல்லி வைப்போம்.

பாரிசிலிருந்து கசௌலிக்கும், கசௌலியிலிருந்து குன்னூருக்கும், குன்னூரிலிருந்து மாவட்ட மருத்துவமனைக்கும் மருந்து வந்துசேர நெடுங்காலம் ஆயிற்று. இன்று அது நம் தெருமுனையில் உள்ள கால்நடை மருத்துவமனையில் குளிர்ப்பெட்டியில் காத்திருக்கிறது. அங்கிருந்து நம் வீட்டு நாய்வரை உள்ள சிறு தொலைவே எஞ்சியிருக்கிறது. அதனைக் கடக்க வேண்டியவர் நாமே.